பைப்லைன் வேலையில் விரயமா? முதலில் ஜேசிபியை நிதானப்படுத்துங்கள்

கேள்வி: திங்கள்சந்தை பக்கம் 200 மி.மீ. டிஐ (டக்டைல் அயர்ன் என்னும் இரும்பு) குடிநீர்ப் பைப் பதிக்கும் சப்-கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். ஜேசிபி நாளைக்கு 150 மீட்டர் தோண்டுகிறது. பதிப்பதோ 70 மீட்டரைத் தாண்டவில்லை. மழை பெய்தால் பள்ளம் சரிந்து மறுபடி தோண்ட வேண்டியிருக்கிறது. ‘லீன்’ முறை என்கிறார்களே, என் அளவு வேலைக்கு அது சரிப்படுமா?

பதில்: நிச்சயம் சரிப்படும். லீன் என்பது டொயோட்டா கார் கம்பெனியின் வழியிலிருந்து வந்த, விரயத்தைக் குறைத்து வேலை செய்யும் முறை. நாளைக்கு 80 மீட்டர் உபரியாகத் தோண்டினால், ஐந்தே நாளில் 400 மீட்டர் பள்ளம் திறந்து கிடக்கும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் அத்தனையும் சேறாகும். வீட்டு வாசலில் பலகை போட்டு ஜனங்கள் தாண்டிப் போக வேண்டும். இரவில் யாராவது விழுந்தால் யார் பொறுப்பு? டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ விரயத்தை ஏழு வகையாகப் பிரித்தார். அடுத்த கட்டத்துக்குத் தேவைப்படுவதற்கு மேல் செய்து குவிப்பதைத்தான் அவற்றில் மிக மோசமானதாகச் சொன்னார். உங்கள் பள்ளம் அந்த வகை.

அன்றைக்குப் பதித்து மூட முடிகிற நீளத்தை மட்டும் தோண்டுங்கள். “மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறேன், ஜேசிபியைச் சும்மா நிறுத்தவா?” என்று கேட்பீர்கள். காலையில் தோண்டட்டும், மதியத்துக்கு மேல் மண் தள்ளி மூடட்டும். சரிந்த பள்ளத்தை இரண்டாம் முறை தோண்டுவதற்கும் அதே வாடகைதானே போகிறது.

அடுத்து, பதிப்பது ஏன் 70-இல் நிற்கிறது என்று பாருங்கள். கையில் கடிகாரத்தோடு அரை நாள் பள்ளத்தருகே நில்லுங்கள். சாக்கெட்டை (பைப்பின் அகன்ற வாயை) துடைத்து, கேஸ்கட் என்னும் ரப்பர் வளையத்தைப் பொருத்தி, சோப்புக் குழம்பு தடவி, குறியிட்ட கோடு வரை பைப்பைத் தள்ளுவதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும். மீதியெல்லாம் காத்திருப்பு. தூரத்தில் இறக்கிய பைப்பைச் சுமந்து வருவார்கள். பழைய வீட்டு இணைப்பு உடைந்து தண்ணீர் பீறிடும். திருப்பத்துக்கு வேண்டிய 45 டிகிரி பெண்டு வந்திருக்காது. முந்தின நாளே இரண்டு மூன்று இடத்தில் கையால் சோதனைக் குழி எடுத்தால் பழைய லைன், கேபிள், பாறை எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சரக்கே வைக்காமல் அன்றன்றைக்கு வரவழைப்பதுதான் லீன் என்று சிலர் நினைக்கிறார்கள். பைப்புக்கு அது ஓரளவு சரி; நம் ஒடுங்கிய ரோட்டில் அடுக்கி வைக்கவும் இடமில்லை. ஆனால் பெண்டு, கிளை பிரிக்கிற ‘டீ’ (T) இணைப்பு, கேஸ்கட் போன்ற சின்ன சாமான்கள் கூடுதலாகக் கைவசம் இருக்கட்டும். கேஸ்கட்டை மட்டும் வெயிலில் போடாதீர்கள்.

கடைசியாக, சனிக்கிழமை சாயங்காலம் ஜேசிபி ஓட்டுநர், பைப் பொருத்தும் பிட்டர், கொத்தனார் மூவரையும் உட்கார வைத்து, அடுத்த வாரம் எவ்வளவு வேலை முடியும் என்பதை அவரவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். ரோடு வெட்ட அனுமதி, சாமான், ஆள் மூன்றும் தயாராக இல்லாத வேலையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இதே வழியை 1990-களில் அமெரிக்கக் கட்டுமான ஆய்வாளர்கள் கிளென் பலார்டும் கிரெக் ஹவெலும் கட்டுமானத்தில் கொண்டுவந்தபோது, வாரத் திட்டத்தில் சொன்ன வேலைகளில் சராசரியாக 54 சதவீதமே முடிந்ததைக் கண்டார்கள். எனவே உங்கள் முதல் வாரக் கணக்கு பாதியில் நின்றாலும் யாரையும் திட்டாதீர்கள். முடியாத ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதிவையுங்கள். நாலு வாரத்தில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.