எலும்பை அறுக்கும்போது உதிரும் உலோகத் துகள்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. அடுத்த மாதம் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. எலும்பை அறுக்கும் ரம்பம், அதற்கு வழிகாட்டும் உலோக அச்சில் உரசித் துகள் உதிரும், அது மூட்டுக்குள் விழும் என்று படித்தேன். அதிலிருந்து மனது சரியில்லை. இது உண்மையா? டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: உண்மைதான், துகள் உதிரும். ஆனால் உதிர்ந்ததைக் கழுவி எடுத்துவிடலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, உரசி உரசி அகன்றுபோன அச்சுதான்.

நீங்கள் சொல்லும் அச்சை நாங்கள் கட்டிங் பிளாக் என்போம். உள்ளங்கையில் அடங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டி. அதை எலும்பில் பின் அடித்து நிறுத்தி, அதிலுள்ள ஒல்லியான பிளவு வழியாக ரம்பத்தின் பிளேடை விடுவோம். எந்தச் சாய்வில் அறுக்க வேண்டுமோ அதை அந்தப் பிளவு முடிவு செய்கிறது. பிளேடின் கனம் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். பிளவு அதைவிடத் துளி அகலம். இறுக்கமாக இருந்தால் பிளேடு சிக்கிச் சூடாகும், தளர்ந்தால் சாயும்.

எவ்வளவு சாயும்? பிளவு 15 மில்லிமீட்டர் ஆழம், பிளேடுக்கு மேலே 0.3 மில்லிமீட்டர் கூடுதல் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு ஒரு டிகிரிக்கு மேலேயே சாய முடியும். கால் நேராக அமைய மூன்று டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்று பார்க்கிற வேலையில் ஒரு டிகிரி சின்ன விஷயம் இல்லை.

ரம்பம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் இப்படியும் அப்படியும் ஆடும். எஃகும் எஃகும் அந்த வேகத்தில் தேயும்போது ஒன்றையொன்று சுரண்டும். அறுத்து முடித்துப் பிளாக்கைக் கழற்றினால், பிளவின் உதட்டில் கருஞ்சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். கையுறை விரலால் தடவினால் அப்படியே வரும். அதுதான் நீங்கள் படித்த துகள். அது உள்ளே தங்கி, செயற்கை மூட்டின் உலோகத்துக்கும் அதில் உள்ள பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் தட்டுக்கும் நடுவே சிக்கினால், செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி தட்டை அரிக்கும். அதனால்தான் செயற்கை மூட்டை எலும்பில் ஒட்டும் சிமென்ட் வைக்கும் முன் சலைனைப் பீய்ச்சி மூட்டை நன்றாக அலசுகிறோம்.

சூட்டையும் சொல்ல வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் செல்கள் சாகத் தொடங்கும். அறுக்கும்போது உதவியாளர் சொட்டுச் சொட்டாகச் சலைன் விடுவது இதற்காகத்தான், உரசலும் குறையும்.

உரசலைக் குறைப்பதில் பாதி, அறுப்பவர் கையில் இருக்கிறது. பிளேடை அழுத்தி வளைக்காமல் விட்டால் அது பிளவின் சுவரில் மோதாது. மீதி கருவியில். நுனி மட்டும் ஆடி, உடல் அசையாமல் நிற்கும் பிளேடுகள் உண்டு. பிளவுக்குள் உரச அங்கே எதுவும் ஆடுவதில்லை. டைட்டானியம் நைட்ரைடு போன்ற கடினப் பூச்சுகளும் தேய்மானத்தைக் குறைக்கும். சில ரோபோ முறைகளில் இந்தப் பிளாக்கே கிடையாது. ஆனால் துகளுக்குப் பயந்து மட்டும் ரோபோவுக்குச் செலவு செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒருமுறை ஒரு மருத்துவமனையில் புது பிளேடைப் பிளவில் செருகினேன். நுனி கண்ணுக்குத் தெரியும்படி மேலும் கீழும் ஆடியது. வேறு செட் வரும்வரை காத்திருந்தோம். அன்றிலிருந்து, மயக்க மருந்து கொடுக்கும் முன்பே இதைச் செருகிப் பார்த்துவிடுவேன்.

உங்கள் டாக்டரிடம் இரண்டே கேள்வி போதும்: அம்மாவுக்குப் புது பிளேடா? பிளாக்குகளின் தேய்மானத்தை யார், எப்போது பார்க்கிறார்கள்? தயங்காமல் கேளுங்கள். அக்கறையுள்ள மருத்துவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கவரிங் நகையோ வாட்ச் பக்கிளோ பட்ட இடத்தில் அம்மாவுக்குத் தோல் சிவந்து அரிக்குமா? அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். செயற்கை மூட்டின் உலோகத்திலும் நிக்கல் கொஞ்சம் இருக்கக்கூடும். எனவே எந்த மூட்டு என்று முடிவு செய்யும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.