தடுப்பூசி போட்ட பிறகும் ‘நெகட்டிவ்’ வருமா?

கேள்வி: என் இளைய மகளுக்கு 19 வயது, நர்சிங் படிக்கிறாள். சிறுவயதிலேயே சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுவிட்டோம். கல்லூரி கேட்டதால் ரத்தப் பரிசோதனை செய்தோம். எதிர்ப்புச் சக்தி ‘நெகட்டிவ்’ என்கிறார்கள். இன்னொரு பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறது லேப். மூத்த மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பயமாக இருக்கிறது.

பதில்: இளையவளுக்கு மறுபரிசோதனையும் வேண்டாம், மறு ஊசியும் வேண்டாம். லேப்களில் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் ஐஜிஜி பரிசோதனை, அம்மை வந்து குணமானவர்களை நன்றாகக் கண்டுபிடிக்கும். தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்புப் புரதம் அளவில் குறைவு. பல நேரங்களில் அந்தப் பரிசோதனைக்குத் தட்டுப்படாது. இரண்டு தவணைக்கு ஆதாரம் இருந்தால் பரிசோதனையே தேவையில்லை, செய்து ‘நெகட்டிவ்’ வந்தாலும் ஆதாரமே செல்லும் என்பதுதான் மருத்துவப் பணியாளர்களுக்கு அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சொல்வது. தடுப்பூசி அட்டையில் தேதி, டாக்டர் கையெழுத்து, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தை நகலெடுத்துக் கல்லூரியில் கொடுங்கள்.

பேக்கேஜ் விஷயத்தில் உஷாராக இருங்கள். அதில் பெரும்பாலும் ஐஜிஎம் என்று ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். அது இப்போது நோய் தாக்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. எதிர்ப்புச் சக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர் எழுதித் தராத பரிசோதனைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தத் தடுப்பூசி நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலேயே இல்லை. பெற்றோர் கைக்காசைப் போட்டு ஊசி போடுகிறார்கள். அந்த அட்டையை நம்பாமல் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பரிசோதனை உண்மையில் பயன்படுவது மூத்தவளுக்குத்தான். அவளுக்குச் சின்னம்மை வந்தது உறுதியா, அல்லது இரண்டு தவணை ஊசிக்கு ஆதாரம் உண்டா? இருந்தால் நிம்மதி. ‘ஏதோ அம்மை வந்தது’ என்ற அளவில்தான் நினைவிருக்கிறதென்றால், மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி ஐஜிஜி மட்டும் பாருங்கள். ‘பாசிட்டிவ்’ என்றால் கவலையில்லை. ‘நெகட்டிவ்’ என்றாலும் கர்ப்பகாலத்தில் இந்த ஊசி கூடவே கூடாது. அதில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அம்மை கண்டவர் அருகில் இருந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எதிர்ப்புப் புரத ஊசி ஒன்று உண்டு. 10 நாட்களுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால் எங்கே கிடைக்கும் என்று இப்போதே கேட்டுவையுங்கள். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அம்மை தொற்றும். ஆகவே விடுதியில் யாருக்காவது வந்திருந்தால், இளையவள் 21 நாள் அக்காவைப் பார்க்க வர வேண்டாம். மூத்தவளுக்கு ‘நெகட்டிவ்’ என்றால், பிரசவத்துக்குப் பிறகு முதல் தவணை, அதிலிருந்து 4 முதல் 8 வாரங்களில் இரண்டாவது. தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் தடையில்லை.