'இதயம் காக்கும்' பல்பொடி வாங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. மூன்று வருடங்களுக்கு முன் ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு பொருத்தினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது என்று பயந்து பிரஷ்ஷையே தொடுவதில்லை. விரலால் பொடி தேய்ப்பதோடு சரி. 'ஈறைக் காத்து இதயத்தைக் காக்கும்' என்று ஒரு மூலிகைப் பல்பொடியும் மவுத்வாஷும் சேர்த்து 1,499 ரூபாய்க்கு விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் அப்பாவைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போய் ஸ்கேலிங் (பல் காரையைச் சுரண்டி எடுப்பது) செய்துவிடுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கும். அங்கே விசாரித்தால் அந்தப் பணம்கூடத் தேவைப்படாமல் போகலாம்.

ஈறில் ரத்தம் வர முக்கியக் காரணம், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படிகிற அழுக்கு. துலக்காமல் விட விட அது காரையாக இறுகி, ஈறு வீங்கி, இன்னும் கசியும். ரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்தினால் ரத்தம் கூடத்தான் செய்யும். (வழக்கத்தைவிட அதிகமாக வந்தால் மட்டும் உடனே ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்யுங்கள்; ரத்தத்தில் மாத்திரையின் வேகம் கூடியிருக்கலாம்.)

புண்பட்ட ஈறு வழியாக வாய்க்கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான், உடம்பு சமாளித்துவிடும். ஆனால் செயற்கை வால்வு இருந்தால் கிருமி அதில் ஒட்டி வளர்ந்துவிடலாம். எண்டோகார்டைட்டிஸ் என்பது இதுதான். வந்துவிட்டால் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், சிலருக்கு வால்வையே மறுபடி மாற்ற வேண்டிவரும். உங்கள் அப்பாவின் பல் விஷயத்தைத் தள்ளிப்போடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வாங்க வேண்டியது இரண்டே பொருள். 'சாஃப்ட்' என்று போட்ட சாதாரண பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். ஃப்ளோரைடு எத்தனை பி.பி.எம். என்று டியூபில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம். 1,000 வரை அனுமதி. அந்த எண் இருக்கிறதா என்று டியூபைத் திருப்பிப் பாருங்கள். பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, இரண்டு மூன்று பல்லாக, அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசைத்துத் துலக்கச் சொல்லுங்கள். காரையை எடுத்த பிறகு இப்படிச் செய்துவந்தால் ஓரிரு வாரத்தில் கசிவு குறைவது கண்ணுக்கே தெரியும்.

மவுத்வாஷ் இப்போதைக்கு வேண்டாம். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் நல்ல மருந்துதான். ஆனால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். அதிக நாள் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். இன்னொன்று: வாய்ப்புண் என்று கேட்டால் மெடிக்கல் ஷாப்பில் மைக்கோனசோல் ஜெல்லை எடுத்துக் கொடுப்பார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் அதைத் தொடக் கூடாது, மாத்திரையின் வேகத்தை அது பல மடங்கு ஏற்றிவிடும்.

என் சித்தப்பாவுக்கும் வால்வு மாற்றியிருக்கிறார்கள். என்ன வால்வு, என்ன மாத்திரை, கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு என்று ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பல் மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் நீட்டுவார். அப்பாவுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். ஈறைத் தொடும் சிகிச்சைக்கு முன் செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். யாருக்கெல்லாம் இப்படிக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியலை அமெரிக்க இதய சங்கம் 2007-இல் வெகுவாகச் சுருக்கியபோதும் செயற்கை வால்வுக்காரர்களை நீக்கவில்லை. ஸ்கேலிங்குக்கும் இது பொருந்தும். இதய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

அப்புறம் அந்த விளம்பரம். இதய நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் சட்டம் தடை செய்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் ஐந்து நாள் நிறுத்திவிட்டுப் போ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுப்பவை அந்த மாத்திரைகள். ஸ்டென்ட்டில் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. பல் பிடுங்கிய இடத்து ரத்தத்தைப் பஞ்சு வைத்துக் கடித்தோ, தையல் போட்டோ நிறுத்திவிடலாம். இப்போதே பிடுங்கலாமா, சில மாதம் பொறுக்கலாமா என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். வலிக்கிறதே என்று கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள். இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும், இதயத்துக்கும் நல்லதல்ல. அதுவரை பாராசிட்டமால் போதுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.