நாற்பது அமர்வுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: மகளுக்கு ஐந்தரை வயது. தம்பி பிறந்து நான்கு மாதம். மறுபடி படுக்கையை நனைக்கிறாள், பொம்மையைப் போட்டு அடிக்கிறாள். ஒரு மையத்தில் ‘ப்ளே தெரபி’ (விளையாட்டு வழியாகத் தரும் மனநலச் சிகிச்சை) 40 அமர்வு, 48,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் சலுகை என்கிறார்கள். கட்டலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: கட்டாதீர்கள். பிள்ளையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் நாற்பது என்று எப்படிக் கணக்குப் போட்டார்கள்? நம் நாட்டில் ‘ப்ளே தெரபிஸ்ட்’ என்று பலகை மாட்டத் தனி உரிமம் தேவையில்லை. இரண்டு நாள் ஆன்லைன் சான்றிதழோடு கடை விரிக்கிறார்கள், கேட்க நாதியில்லை. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ (மருத்துவ உளவியலாளர்) என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப நனைத்தால், ‘தம்பி மேல் பொறாமை’ என்று நாமே தீர்ப்பு எழுதக்கூடாது. சிறுநீர்த் தொற்றா என்று சோதிக்க வேண்டும். அடிக்கடி தண்ணீர் கேட்டு, எடையும் குறைந்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். எல்லோரும் விட்டுவிடுவது மலச்சிக்கலை. குடலில் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். தினமும் போகிறாளா, கெட்டியாகப் போகிறாளா, கவனியுங்கள்.

இவை இல்லையென்றால் விளையாட்டுச் சிகிச்சையை வீட்டிலேயே நீங்களே தொடங்கலாம். பெற்றோரே நடத்தும் இம்முறையை 1960-களில் அமெரிக்காவில் உளவியலாளர்களான கர்னி தம்பதி வகுத்தார்கள். வாரம் ஒரு நாள், 30 நிமிடம், அதே நேரம், அதே பாய். தம்பியை வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும். போன் வேண்டாம். ஒரு பையில் குடும்பப் பொம்மைகள், பால் பாட்டில், செப்புச் சாமான், களிமண், கிரையான், டாக்டர் செட், ஒரு புலி. விளையாட்டு முடிந்ததும் பையை எடுத்து வைத்துவிடுங்கள்.

என்ன விளையாடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். பாப்பா பொம்மையை டப்பாவில் போட்டு மூடினால், “தம்பி பாவம்ல?” என்று கேட்டுவிடாதீர்கள், அத்தோடு கதவு சாத்திக்கொள்ளும். “பாப்பாவ உள்ள போட்டு மூடிட்டே. வெளிய வரவே கூடாது” என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். நிறம், எண் சொல்லித்தருவது, ‘வெரிகுட்’ எதுவும் வேண்டாம். உங்கள் மேல் எறிய வந்தால்: “கோவமா இருக்கே. அம்மா மேல எறியக்கூடாது. அந்தத் தலைகாணி மேல எறி.” முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

முதல் சில வாரம் ஆட்டம் இன்னும் முரட்டுத்தனமாகலாம், பயந்து நிறுத்தாதீர்கள். பத்து வாரத்திலும் மாற்றமில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். தம்பியைக் காயப்படுத்தப் பார்த்தால் பத்து வாரம் காத்திருக்காதீர்கள். அங்கே அரை நாள் உட்காரவைப்பார்கள், அது கொடுமைதான். ஆனால் பார்ப்பவர் படித்த மருத்துவர். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.