கழற்றத் தெரியாதவன் கையில் கதவைக் கொடுத்தால்

தம்பி, உன் கேள்வியைக் காரைக்குடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். லீவுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. தேவகோட்டைப் பையன், மெல்போர்ன் வந்து நாலு மாதம் என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ கேட்டது இதுதான். டீலரிடம் பழைய கார் வாங்கினாய். டிரைவர் பக்கக் கண்ணாடி ஏறி இறங்காததால் அதே டீலரின் சர்வீஸில் விட்டாய். கண்ணாடி சரியாகிவிட்டது. ஆனால் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையில், அதாவது டோர் பேடில், ஸ்க்ரூ டிரைவர் குத்திய தழும்பு. கீழ் ஓரம் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வண்டி ஓடும்போது கடகடவென்று சத்தம். போய்க் கேட்டால், "நீங்கள் கொண்டுவரும்போதே அப்படித்தான் இருந்தது" என்கிறார்கள். இதோடு வாடகை கிளேட்டனில் குறைவா டாண்டினாங்கில் குறைவா, ஹீட்டர் பில் எவ்வளவு வரும், இட்லி அரிசி எங்கே நல்லதாகக் கிடைக்கும், பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) எப்போது போடலாம் என்றும் கேட்டிருக்கிறாய்.

வாடகையும் அரிசியும் உன்னோடு வேலை பார்க்கும் நாலு பேரிடம் கேட்டால் தெரிந்துவிடும். பி.ஆருக்குப் பதிவு பெற்ற ஏஜெண்ட்டைப் பார், என்னைப் போன்றவர்கள் பேச்சைக் கேட்டு மனுப் போடாதே. கதவு விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு கதவில்தான் நானும் ஏமாந்தேன்.

2012 ஜூலையில் டல்லமரைன் விமான நிலையத்தில் இறங்கினேன். இங்கே ஆடிக் காற்று வீசும் நேரம், அங்கே நடுக்குளிர். டாண்டினாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் கிடைத்தது. இரண்டு மணிக்கு வேலை முடியும், வீட்டுக்குப் போக ரயில் கிடையாது. கூடத் தங்கியிருந்தவரிடம் பாதிப் பணம் கடன் வாங்கி, 4,200 டாலருக்கு 2003 மாடல் கார் ஒன்று வாங்கினேன். மூன்றாம் மாதம் இடப்பக்கக் கண்ணாடி கீழே இறங்கி அப்படியே நின்றுவிட்டது. சின்னப் பட்டறையில் விட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்று பயந்து, பெரிய டீலர் சர்வீஸிலேயே விட்டேன். 380 டாலர்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போதே பார்த்தேன். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ இல்லை, அதை மூடியிருந்த சின்ன மூடியும் இல்லை. கேட்டேன். "வண்டிக்கு வயசாகிவிட்டது, இப்படித்தான் இருக்கும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். நான் தேங்க்யூ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தேங்க்யூவை நினைத்தால் இன்றைக்கும் மனது ஆறவில்லை.

அடுத்த வாரம் மழை. மழை விட்ட பிறகும் காருக்குள் கண்ணாடியெல்லாம் புகை படிந்த மாதிரி மூடிக்கொண்டது. குளிர் ஊர், அப்படித்தான் இருக்கும்போல என்று துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். ஒரு மாதத்தில் ஈரச் சாக்கு நாற்றம் வந்தது. ஒருநாள் இடப்பக்கக் கால் மிதியைத் தூக்கிக் கையை வைத்தேன், மணிக்கட்டு வரை நனைந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. இதைக் கவனமாகப் படி, உன் வண்டிக்கும் இது பொருந்தலாம். கார்க் கதவுக்குள் மழைத் தண்ணீர் போவது தப்பில்லை. கண்ணாடி ஓர ரப்பர் வழியாக உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நம் பக்கம் வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள் அல்லது ஃபோம் தாள். சுற்றிலும் கறுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி மெஷினை மாற்ற அதைப் பிரிக்காமல் முடியாது. வேலை தெரிந்தவன் பசையைச் சுத்தமாக அழுத்தி, தேவைப்பட்டால் புதுப் பசை வைத்து மூடுவான். என் கதவில் பாதியைக் கிழித்து அப்படியே தொங்கவிட்டிருந்தார்கள். ஆகவே முதலில் உன் டிரைவர் பக்கக் கால் மிதியைத் தூக்கிப் பார். கதவை மூடிவைத்து மேலே ஒரு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார். ஈரம் வந்தால் உன் புகார் வெறும் தழும்புப் புகார் இல்லை.

கடகட சத்தமும் அதே மாதிரிதான். டோர் பேடைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் கிளிப்கள். பல கிளிப்கள் ஒருமுறை பிடுங்கினால் பல் மழுங்கிவிடும், மாற்ற வேண்டும். ஒரு கிளிப் மிகச் சில டாலர்தான். அந்தச் செலவையும் ஐந்து நிமிஷத்தையும் மிச்சம் பிடிப்பதால்தான் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தழும்பு விழுவது, பிளாஸ்டிக் நெம்பியை எடுக்கச் சோம்பல்பட்டு இரும்பு ஸ்க்ரூ டிரைவரைச் செருகுவதால்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கதவோடு போனால் சரி. முன் கண்ணாடி ஓரத்துத் தூண் மேல் இருக்கும் உறையையோ ரூஃப் லைனிங்கையோ அவர்கள் கழற்றியிருந்தால் அலட்சியமாக விடாதே. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தப் பை அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விபத்தில் பை விரியும்போது அந்த உறை எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கிளிப்பே செய்திருக்கிறார்கள். வேறு கிளிப்பை வைத்தோ பசை தடவியோ ஒட்டினால் உயிருக்கு ஆபத்து. நீயாகவும் அதில் கை வைக்காதே. மஞ்சள் நிற ஒயர் கனெக்டரைப் பார்த்தால் கையை எடுத்துவிடு.

சரி, டீலரிடம் என்ன செய்வது? 2011 ஜனவரி 1 முதல் அங்கே ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் நடப்பில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். பில்லின் பின்னால் எதை அச்சடித்திருந்தாலும் அதைத் தள்ளிவிட முடியாது. நீ காசு கொடுத்துவிட்டாய், கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்பதாலும் அது போய்விடாது. கோளாறு சின்னதாக இருந்தால் சரிசெய்ய முதலில் அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மறுத்தாலோ நியாயமான காலத்தில் செய்யாவிட்டாலோ, வெளியே சரிசெய்துவிட்டு நியாயமான செலவை அவர்களிடம் கேட்கலாம். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் டீலர் விற்கும் பழைய கார், பத்து வருஷத்துக்கும் 1,60,000 கிலோமீட்டருக்கும் உட்பட்டதாக இருந்தால், 3 மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர் வாரண்டி தனியாக உண்டு. அதில் சில சாமான்கள் சேராது, ஆகவே அதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதே. ரிப்பேரில் நடந்த தப்பு வேறு கணக்கு. நான் வந்தபோது இந்தச் சட்டம் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "விடு தம்பி, சின்ன விஷயம், வெள்ளைக்காரனோடு எதற்கு வம்பு" என்று பலர் சொல்வார்கள். இருபது வருஷம் அங்கே இருந்தும் கவுண்டருக்கு முன்னால் தலை குனிந்தே நிற்பவர்கள் அவர்கள். இன்னும் சிலர் போய்க் கத்திவிட்டு வந்து, பார்ட்டியில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கத்தியதால் எதுவும் கிடைத்ததாக நான் பார்க்கவில்லை. மூன்றாவது வகைதான் எனக்கு அறவே பிடிக்காது, "எனக்குத் தெரிந்த நம்ம பையன் கேஷுக்குச் செய்வான்" என்பவர்கள். பில் இல்லாத வேலை கெட்டுப்போனால் எதை வைத்துக் கேட்பாய்? தமிழில் பேசுகிறான் என்பது வேலை தெரிந்ததற்கு அத்தாட்சி ஆகாது.

நீ எழுத்தில் கேள். சர்வீஸ் மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல், பத்து வரிக்கு மேல் வேண்டாம். எந்தத் தேதியில் விட்டாய், பில் நம்பர் என்ன, என்ன கெட்டிருக்கிறது, என்ன செய்து தர வேண்டும், எந்தத் தேதிக்குள். மூன்று படம் சேர். திட்டாதே, கெஞ்சாதே. போனில் பேசினால் அன்றைக்கே "இன்று நாம் பேசியது இது" என்று ஒரு வரி எழுதி அனுப்பு. இலவசமாகக் கார் கழுவித் தருகிறோம், அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல். டீலர் கார் விற்கும்போது எடுத்த விளம்பரப் படங்களைத் தேடிப் பார். அதில் உன் கதவு தழும்பில்லாமல் இருந்தால் "கொண்டுவரும்போதே இருந்தது" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. அதற்கும் மசியாவிட்டால் மாநில அரசின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவிடம் விவரம் கேள், கடைசியில் இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் வீகேட் (VCAT) தீர்ப்பாயம் இருக்கிறது. வக்கீல் இல்லாமலேயே போகலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படி வந்தது என்றால், அப்பாவால். அப்பா தச்சு வேலை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கண்டனூர் என்று செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகளைச் செப்பனிடுவதுதான் அவர் பிழைப்பு. லீவு நாளில் கூடப் போவேன். கதவைக் கீலிலிருந்து எடுக்கும்போது நேராக இரும்பை வைக்கவே மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை நாலாக மடித்து நிலைமேல் வைப்பார், அதன்மேல் மர ஆப்பு, பிறகு கொட்டாப்புளியால் மெதுவாக ஒரு தட்டு. திரும்ப மாட்டிய பிறகு கட்டைவிரல் நகத்தை இணைப்பின்மேல் வைத்து மேலிருந்து கீழ்வரை இழுப்பார். நகம் எங்கேயாவது நின்றால் மறுபடி கழற்றுவார். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், கடப்பாரையால் பெயர்த்த நிலைகளைப் பார்த்தால் நிற்காமல் நடந்துவிடுவார்.

2017இல் அவரை மெல்போர்னுக்கு அழைத்துப் போனேன். அதே பழைய காரில்தான் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்தேன். அவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஊரைப் பார்க்கவில்லை, கை கதவின் ஓரத்தில் போய்க்கொண்டிருந்தது. நகம் ஓரிடத்தில் நின்றது. "இதை யாருப்பா கழற்றினது?" என்று கேட்டார். டீலர் என்றேன். "நீ பார்த்துக்கிட்டா வாங்கினே?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

2019இல் அடுத்த காரில் ஏ.சி. கூலிங் காயில் மாற்ற டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருந்தது. விடுவதற்கு முன்னால் நாலு கதவு, டேஷ்போர்டு, கூரை, எல்லாவற்றையும் கிலோமீட்டர் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். "உள்பக்கம் தழும்பு இல்லை" என்று ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டில், எழுதச் சொல்லி வாங்கினேன். திரும்ப எடுக்கும்போது ஷெட்டுக்குள் பார்க்கவில்லை, வெயிலில் நிறுத்தச் சொன்னேன், ரேடியோவை அணைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினேன். டேஷ்போர்டு டப்பாவின் மூடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது, பக்கத்தில் ஒரு கீறல். இரண்டு மின்னஞ்சல், பன்னிரண்டு நாள். புது மூடியும் புது உறையும் போட்டுக் கொடுத்தார்கள். மூடியை மாட்டியதும் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பல்லவன் ரயிலில் சென்னை போகிறேன். அதற்குள் உன் பில்லையும் ஜாப் கார்டையும் கதவையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. மின்னஞ்சலை இரண்டு பேரும் சேர்ந்தே எழுதிவிடலாம்.