டெல்டா மாவட்டங்களில் எந்த மொபைல் கேம் நிலைக்கிறது?

கேள்வி: தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் எந்த கேஷுவல் கேம்கள் (சும்மா பொழுதுபோக்குக்கு ஆடும் எளிய கேம்கள்) அதிகம் ஓடுகின்றன? பிளே ஸ்டோர் டாப் சார்ட்டை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. பிளே ஸ்டோர் பட்டியல் நாட்டுக்கு ஒன்றுதான். டெல்லியில் ஏறியதும் மன்னார்குடியில் இறங்கியதும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். அதோடு, பட்டியல் டவுன்லோடையும் வசூலையும்தான் பேசுகிறது. நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் கண்ணில் படுவது அன்இன்ஸ்டால்தான். "போன் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா" என்று யார் வந்தாலும் பாதிக்கு மேல் ஸ்டோரேஜ் ஃபுல். குட்மார்னிங் வீடியோவை அழிக்க மனசு வராது, பேரப்பிள்ளை போட்டோவைத் தொடவே கூடாது. கடைசியில் கழுத்து அறுபடுவது கேமுக்குத்தான். அந்த நேரத்தில் "அதை மட்டும் எடுத்துடாதே" என்று எதைச் சொல்கிறார்களோ, அதுதான் இங்கே ஓடுகிற கேம்.

அப்படி அதிகம் தப்பிப்பது லூடோ கிங். நவி மும்பைக் கம்பெனி 2016-ல் விட்டது. 2020 ஊரடங்கில்தான் வீட்டுக்கு வீடு நுழைந்தது. ஊரடங்கு போன பிறகும் இங்கே அது நிற்பதற்குக் காரணம், நெட் இல்லாமலே ஒரே போனைச் சுற்றி ஆறு பேர் வரை ஆடலாம் என்பது. அறுவடை சீசனில் கொள்முதல் நிலையத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள், காய வைத்துக்கொண்டு களத்திலேயே ராத்திரி பகலாகக் கிடக்க வேண்டும். தார்ப்பாய் நிழலில் டிராக்டர் ஓட்டுகிற பையனும் நெல்லுக்குச் சொந்தக்காரரும் போனை நடுவில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். "ஆறு விழட்டும் சித்தப்பா, உங்க காய வெட்டுறேனா இல்லையா பாருங்க!" தாயம் ஆடிய ஊருக்கு இதன் விதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெண்கள் பக்கம் கேண்டி கிரஷ். 2012-ல் வந்த கேம் இன்னும் அசையவில்லை. ஐந்து உயிர், ஒன்று போனால் திரும்ப வர அரை மணி நேரம். காசு கொடுத்து உயிர் வாங்க நம்மூரில் யாருக்கும் மனசு வராது. அதற்குப் பதில் போனில் நேரத்தை முன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். மறுநாள் ஒரு அக்கா கடைக்கு வருவார்: "தம்பி, வாட்ஸ்அப் திறக்க மாட்டேங்குது, தேதி தப்புன்னு சொல்லுது." வைரஸா என்று கூட வந்த பெண்ணுக்குக் கவலை. நான் தேதியைச் சரி செய்துவிட்டு, எந்த லெவலில் இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். இதற்குக் காசு வாங்குவதில்லை.

பிள்ளைகளுக்கு சப்வே சர்ஃபர்ஸ். பிளே ஸ்டோரில் நூறு கோடி டவுன்லோடைத் தொட்ட முதல் கேம் அதுதான், 2018-ல். பள்ளி லீவு விட்டால் ஏறும், திறந்தால் இறங்கும். டேட்டாவை ஆஃப் செய்தால் விளம்பரம் வராது என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். 2024 ஜூலையில் ரீசார்ஜ் விலை ஏறிய பிறகு பெற்றோரே ஆஃப் பண்ணிக் கொடுக்கிறார்கள். கேம் கம்பெனிக்கு இது வயிற்றெரிச்சல்: ஆடுகிறவன் இருக்கிறான், விளம்பரக் காசு வருவதில்லை. இந்தியாவில் டவுன்லோடு மலையாகவும் வருமானம் மடுவாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஃப்ரீ ஃபயர் துப்பாக்கிச் சண்டை கேம், கேஷுவல் கணக்கில் வராது. 2022 பிப்ரவரியில் தடை வந்ததும் பையன்கள் அதன் இன்னொரு பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்கு மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான். காசு வைத்து ஆடும் ரம்மியும் இந்தக் கணக்கில் சேராது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அதற்குக் கதவடைத்துவிட்டது.

கேம் செய்கிற யோசனையில் இதைக் கேட்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். புது போனில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். 2 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள பழைய போனில், வாட்ஸ்அப் வீடியோ நிரம்பிய நிலையில், டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு ஓட்டுங்கள். அதில் திணறினால் இங்கே வாங்கிய டவுன்லோடெல்லாம் அடுத்த சர்வீஸ் வரைக்கும்தான்.