கேம் கேள்வி-பதில்: உல்ஃபென்ஸ்டைன் தி நியூ ஆர்டர்

கே: முதல் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தேன். விமானம், பதுங்கு குழி, கோட்டை என்று வழக்கமான உலகப் போர் கேம் போலத்தான் இருக்கிறது. தொடரலாமா?

தொடருங்கள். நீங்கள் ஆடியது 1946-ல் நடக்கும் முன்கதை. நிஜத்தில் 1945 மே மாதமே சரணடைந்த ஜெர்மனி, இங்கே ஒரு வருடம் கழித்தும் அசையாமல் நிற்கிறது. அந்தப் புதுமையைப் பதுங்கு குழியின் இருட்டு மறைத்துவிடுகிறது. நீங்கள் ஆடும் நாயகன் பிளாஸ்கோவிச் தலையில் அடிபட்டு, போலந்தின் மனநல விடுதியில் 14 வருடம் கிடந்து, 1960-ல் எழுந்த பிறகுதான் கேம் தன் முகத்தைக் காட்டும். 1948-லேயே நியூயார்க் மீது அணுகுண்டு விழுந்து அமெரிக்கா சரணடைந்துவிட்டது என்ற செய்தியே அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. மொத்தம் 16 அத்தியாயம். பெர்லினில் ஐசன்வால்ட் சிறை வரையாவது போய்ப் பாருங்கள். அதற்கும் மனம் இறங்கவில்லையா, தாராளமாக அழித்துவிடுங்கள்; 50 ஜிபி மிச்சம்.

கே: எத்தனை பேரைச் சுட்டாலும் எதிரிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். குண்டுதான் தீர்கிறது.

நீங்கள் ஆளைச் சுடுகிறீர்கள், அலாரத்தை விட்டுவிடுகிறீர்கள். ஒரு பகுதிக்குள் நுழைந்ததும் திரையில் அலைவரிசைக் குறியும் பக்கத்தில் மீட்டர் கணக்கும் தெரிகிறதல்லவா? அது கமாண்டர் இருக்கும் திசையும் தூரமும். அவன் உங்களைக் கண்டு அலாரம் அடித்துவிட்டால், அவன் சாகும் வரை துணைப்படை வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு குறி தெரிந்தால் இரண்டு கமாண்டர்.

எனவே நுழைந்தவுடன் துப்பாக்கியைத் தூக்காதீர்கள். குனிந்தபடியே மீட்டர் கணக்கு குறையும் பக்கம் நகருங்கள். வழியில் தனியாக நிற்கும் காவலனின் முதுகுப் பக்கம் ஒட்டிப் போய்க் கத்தியால் குத்துங்கள். எட்டாத தூரத்தில் நின்றால் சைலன்சர் பிஸ்டலால் தலைக்கு ஒன்று. உடம்பில் சுட்டால் அவன் உடனே விழமாட்டான், கத்திவிடுவான். பலரும் தவறுவது இங்கேதான். கமாண்டர் விழுந்ததும் அந்தப் பகுதியில் ஒளிந்திருக்கும் சேகரிப்புப் பொருள்களும் வரைபடத்தில் தெரிய ஆரம்பிக்கும். அதன் பிறகு இரண்டு கையிலும் ஒவ்வொரு துப்பாக்கி எடுத்துக்கொண்டு ஆசை தீரச் சுடலாம். மறைவில் நின்று சுடும்போது சாயும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நகருங்கள். உடம்பு மறைவிலேயே இருக்க, தலையும் துப்பாக்கியும் மட்டும் வெளியே வரும்.

கே: முன்கதையின் முடிவில் உடன் வந்த வீரர்கள் ஃபெர்கஸ், வயட் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடிகிறது. யாரைக் காப்பாற்றுவது?

கதையின் பெரும்போக்கு ஒன்றுதான், கிடைக்கும் சலுகை வேறு. ஃபெர்கஸ் பிழைத்தால் ஹெல்த் உச்சவரம்பைக் கூட்டும் பொருள்கள் கிடைக்கும். சில கதவுகளை வயரை இணைத்துத் திறக்கலாம். வயட் பிழைத்தால் கவசத்தின் உச்சவரம்பு கூடும், பூட்டை நெம்பித் திறக்கலாம். பதுங்கி ஆடுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். எதிரே போய் மோதுகிறவர் ஃபெர்கஸை வைத்துக்கொள்ளட்டும். ஹெல்த் ஓரளவு தானாகவே ஏறும் கேமில் அதன் உச்சவரம்பு உயர்வது எப்போதும் கைகொடுக்கும்.

கே: ஹெல்த் 130-க்குப் போய்விட்டுத் தானாக 100-க்கு இறங்குகிறது. பிழையா?

பிழையில்லை. ஹெல்த் 20, 20-ஆகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 47-ல் நின்றால் தானாக 60 வரை ஏறி நின்றுவிடும். மேலே போக மருந்துப் பெட்டி வேண்டும். 100 இருக்கும்போதே பெட்டி எடுத்தால் மிகுதி ஏறி, மெல்ல மெல்ல வடியும். ஆகவே பெரிய சண்டைக்குள் காலடி வைக்கும் நொடியில் எடுங்கள், முடிந்த பிறகு எடுத்தால் வீண். குண்டு, கவசம், மருந்து எதையும் மிதித்துக்கொண்டு ஓடினால் ஏறாது, ஒவ்வொன்றுக்கும் பட்டன் அழுத்த வேண்டும். 2014-ல் இது எரிச்சல், இப்போதும் எரிச்சல்தான்.

கே: கணினியில் திரும்பும்போதெல்லாம் சுவர் மங்கலாகத் தெரிந்து, பிறகு தெளிகிறது.

கேமை இயக்கும் மென்பொருளான ஐடி டெக் 5 என்ஜினின் குணம் அது. சுவர், தரைப் படங்களை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றி வைக்காமல், நீங்கள் பார்க்கும் திசைக்கு ஏற்ப டிஸ்க்கிலிருந்து அவ்வப்போது இழுக்கிறது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியாது. முதலில் கேமை எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாற்றுங்கள், கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் வராதது கோளாறு அல்ல, என்ஜினே அங்கே நிறுத்திவிடுகிறது.

கே: கேமில் வரும் எதிர்ப்புக் குழுவான கிரைசாவ் வட்டம் கற்பனையா?

பெயர் நிஜம். நாஜி எதிர்ப்பாளர் ஹெல்முட் ஜேம்ஸ் ஃபான் மோல்ட்கேயின் கிரைசாவ் பண்ணையில் கூடி, ஹிட்லருக்குப் பிந்தைய ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும் என்று திட்டமிட்ட குழு அது. நாஜிகள் 1944 ஜனவரியில் மோல்ட்கேயைக் கைது செய்து, 1945 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். அந்தக் குழுவின் கையில் இருந்தது பெரும்பாலும் காகிதம். கேமில் அதே பெயரில் ஹெலிகாப்டரும் லேசரும் வைத்திருக்கிறார்கள்.

கே: 12 வயது மகன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

வேண்டாம். 18 வயதுக்கான முத்திரை சும்மா இல்லை. சித்திரவதைக் காட்சிகள் நீளம், வதைமுகாமுக்குள்ளேயே ஓர் அத்தியாயம் நடக்கிறது.

கே: நண்பர்களோடு ஆன்லைனில் ஆட முடியுமா?

முடியாது, தனியாள் ஆட்டம் மட்டுமே. ஆறுதலுக்கு ஒன்று: எதிர்ப்புக் குழுவின் மறைவிடத்தில் மேல்தளத்துக்கு ஏறி அங்குள்ள மெத்தையில் படுத்துப் பாருங்கள். 1992-ல் வந்த உல்ஃபென்ஸ்டைன் 3டியின் முதல் லெவல், அதே கட்டம் கட்டமான சுவர்களோடு, கெட்ட கனவாக வரும்.